அவரு மாறுவாரா

டிவியில் வந்த ஒரு ரத்தக் காட்டேரியை நான் 'அவரு' என்று சொல்லித் திரிந்தேன். பதினாறு வயசு. பைத்தியம் என்றால் அப்படியொரு பைத்தியம். தமிழில் டப்பிங் செய்த ஆங்கிலத் தொடர், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரும். ஆத்மாவைத் தொலைத்துவிட்டு நூறு வருஷமாக ரத்தம் குடித்தவன், ஒரு நர்ஸைப் பார்த்ததும் அடங்கிப்போகிறான். அவள் கழுத்துப் பக்கம் குனிவான், பல்லைக் கடித்துக்கொண்டு விலகிவிடுவான். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டும்.

"அவருக்கு ஆத்மா இல்லன்னா என்னா, ஆசை இல்லியா?" என்று அம்மாவிடம் சண்டைக்குப் போவேன்.

"ரத்தம் குடிக்கிறவனுக்கு ஒரு அவரு! அவனையே கட்டிக்கினு போயிடு, தொல்ல விட்டுது" என்பாள் அம்மா. எங்கள் பிள்ளையார்பாளையத்தில் பெண்கள் கட்டின புருஷனைத்தான் பேர் சொல்லாமல் 'அவரு' என்பார்கள். அக்கா அதை வைத்தே என்னை ஓட்டுவாள்.

அந்த அக்கா, கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தாள். உதடு கிழிந்திருந்தது. மாமா குடித்தால் கை நீட்டுவார், மறுநாள் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுவார். வாரம் ஒருமுறை வந்து வாசலில் நின்றுவிட்டுப் போவார். அம்மா 'வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் தறி நெய்துகொண்டிருந்த அப்பா சாப்பிட எழுந்து போனதும், அக்கா அந்தத் தறியில் உட்கார்ந்து அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தாள். நான் டிவி முன்னால். காட்டேரி நர்ஸின் வீட்டு வாசலில் மண்டிபோட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஏன்டி, அவரு மாறுவாரா?" என்றாள் அக்கா. தலை நிமிரவில்லை.

"கண்டிப்பா மாறுவாருக்கா. அவ மேல உசுரையே வெச்சிக்கினு இருக்காரு. அவ கதவ தொறந்தா போதும், எல்லாம் சரியாயிடும்."

"அப்படியா சொல்ற?"

"சத்தியமா." திரையிலிருந்து நான் கண்ணை எடுக்கவேயில்லை.

மறுநாள் சாயங்காலம் அக்கா புடவைகளை மடித்துப் பையில் வைத்தாள். அம்மா குறுக்கே நின்று கத்தினாள்.

"அவன் நெஞ்சுல ஈரமே இல்லடி. எத நம்பிப் போற?"

அக்கா என்னைக் காட்டினாள். "இவளே சொல்லிட்டாம்மா, அவரு மாறிடுவாருன்னு. சின்னவ, மனசுல பட்டததான சொல்லுவா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, நான் டிவியில் வந்தவனையல்லவா சொன்னேன்! வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சிரிப்பார்கள் என்று வெட்கம். அதோடு அக்கா முகம் அன்றைக்குத்தான் தெளிந்திருந்தது, அதைக் கெடுக்கவும் மனம் வரவில்லை. பாவி, சும்மா நின்றேன்.

நாலு மாதம் மாமா குடிக்கவில்லை. அவளுக்கு டீ கூட அவரே போட்டுக் கொடுத்தாராம். ஐந்தாவது மாதம் அக்காவை ஆஸ்பத்திரியில் பார்த்தோம். தலையில் கட்டு. "படியில வழுக்கி நானேதான் வுழுந்தேன்" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். என்னிடமும் அதையே சொன்னாள், என் கண்ணைப் பார்க்காமல். மூன்றாம் நாள் போய்விட்டாள். மாமா அழுத அழுகையில் ஆஸ்பத்திரியே கூடிவிட்டது. அது நடிப்பில்லை. அவர் என் அக்காவை நேசித்தார், இல்லையென்று என்னால் சொல்ல முடியாது. அந்த நேசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கொள்ளிதான் வைத்தார்.

ஏழெட்டு வருஷம் கழித்து மாமாவைக் கோயில் வாசலில் பார்த்தேன். அக்கா போன நாளிலிருந்து ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். மறுபடி கல்யாணம் ஆகியிருந்தது. கையில் ஒரு ஜோடி பெண்கள் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நல்லா இருக்கியாம்மா?" என்றார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தாள், நிறைமாதம். மாமா குனிந்து செருப்பை அவள் காலருகே வைத்தார். நான் யாரென்று தெரியாமல் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னைக் குனியவே வுடமாட்டாரு. இதுவரைக்கும் ஒரு வார்த்த அதட்டினது இல்ல" என்றாள்.

மாறித்தான் இருந்தார். அதற்கு என் அக்கா சாக வேண்டியிருந்தது.