மாமாவின் கடைக்குத் திரும்பும் வீதி

ஜேர்மனியின் ஆஹென் நகரில், பல்கலைக்கழகத்தில் போக்குவரத்துத் திட்டமிடல் வகுப்பு. பேராசிரியர் திரையில் கனடாவின் ஒரு மாகாண நெடுஞ்சாலையைக் காட்டினார். ஊரைச் சுற்றிப் புதுப் பாதை போட்டபின், ஊருக்குள் போகும் பழைய வீதியை அங்கே அப்படியே கைவிடுவதில்லையாம். நெடுஞ்சாலையின் இலக்கத்தையே அதற்கும் கொடுத்து, 'வணிக வழி' என்று பலகை நட்டுவிடுகிறார்கள். ஒரு பலகை, அவ்வளவுதானா! எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாமாவின் கடைக்கு இப்படியொன்று இருந்திருந்தால்?

மாமா அம்மாவின் தம்பி. டுசல்டோர்ஃபிலிருந்து நாங்கள் கோயிலுக்குப் போகும் வழியில், ஒரு சிற்றூரின் நடுவே செல்லும் வீதியில் கடை வைத்திருந்தார். தேங்காய், பூமாலை, சுடச்சுட வடை. தமிழ்ச் சனத்தின் கார் ஒன்றும் நிற்காமல் அதைத் தாண்டிப் போனதில்லை. எனக்கு எட்டு வயதானபோது ஊரைச் சுற்றிப் புதுப் பாதை திறந்தார்கள். கடை வெறிச்சோடியது.

அந்த வருடம் கோயில் தேருக்கு முதல்நாள் மாமா அப்பாவுக்குப் போன் எடுத்தார்.

"அத்தான், நாளைக்கு நீங்கள்தானே முன்னுக்கு வாறியள்? நீங்கள் திரும்பினால் பின்னால வாற காரெல்லாம் திரும்பும். மாலை கட்டி வைச்சிருக்கிறன். இந்தத் தேருக்கும் சனம் வராட்டி, கடையைப் பூட்டுறதுதான்."

"ஓம், ஓம், கட்டாயம் வாறம்" என்றார் அப்பா.

வழமைபோலப் பிந்தித்தான் வெளிக்கிட்டோம். பின்னால் நான்கைந்து குடும்பங்களின் கார்கள். கிளைவீதி தெரிந்ததும் அப்பா வேகத்தைக் குறைத்தார்.

"தம்பியிட்டப் போனால் தேத்தண்ணி குடிக்காமல் விடுவானே? பிறகு சோறும் எண்டுவான். நாங்கள் தேர் பார்த்த மாதிரித்தான்!" என்றார் அம்மா.

"அவன் பார்த்துக்கொண்டு நிப்பானப்பா" என்றார் அப்பா.

"திரும்பி வரேக்க போவம். நீங்கள் ஓடுங்கோ."

வாய் நனைக்காமல் அக்காவை அனுப்பத் தெரியாததுதான் மாமா செய்த பிழை.

திருப்பத்தில் வேட்டியோடு நின்று, இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். நாங்கள் நேரே போனோம். பின்னால் வந்தவர்களும் நேரே வந்தார்கள். எங்களை வழியனுப்பத்தான் மாமா கடையை விட்டு அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பின்கண்ணாடியில் அவர் புள்ளியாகும்வரை நானும் சந்தோஷமாகக் கையசைத்தேன். திரும்பி வரும்போது எல்லோருக்கும் நித்திரை; அப்பாவும் நேரே வீட்டுக்கு ஓட்டினார்.

கடை அந்தக் கோடையோடு பூட்டப்பட்டது. மாமா இப்போது ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். அந்த வீதியில் ஒரு பேக்கரியும் ஒரு சலூனும் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றுக்காகவாவது அப்படியொரு பலகைக்கு வரைபடம் கீறிவிட்டேன். செவ்வாய்க்கிழமை அந்த ஊர் நகரசபையில், பொதுமக்கள் கேள்வி கேட்கும் நேரத்தில் எழுந்து பேசப்போகிறேன். மாமாவையும் பக்கத்தில் இருக்கச் சொல்லிக் கேட்கவேண்டும். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. இன்று பின்னேரம் போன் எடுக்கிறேன்.