நீலத்தாள் ஒட்டிய நிலம்

சம்பளம் இல்லாமல் வேலை செய்ய ஒருத்தி கடல் தாண்டி வந்திருக்கிறாள் என்றார்கள். நான் நம்பவில்லை. எங்கள் ஊரில் யாரும் நம்பவில்லை.

1991. மே மாதம் எங்களுக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு புது முகம் என்றாலே போலீஸ் வந்து விசாரிக்கும். யார் வீட்டில் தங்கினார்கள், பையில் என்ன இருந்தது என்று கேட்பார்கள். அந்தப் பழக்கம் எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. பஸ்ஸைவிட்டு யார் இறங்கினாலும் முதலில் பையைத்தான் பார்ப்போம்.

காலாண்டு விடுமுறையில், மண்ணூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், பத்து நாள் இளைஞர் முகாம் போட்டார்கள். காலையில் மரம் நடுவது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் இங்கிலீஷ். கம்பெனிகள் வரப்போகின்றன, இங்கிலீஷ் தெரிந்தால் உள்ளே போகலாம் என்று முகாம் நடத்திய சார் சொன்னார். ஆணும் பெண்ணுமாக இருபது பேர் சேர்ந்தார்கள். எனக்குச் சமையல் வேலை. ஐந்தாவதுவரை படித்தவள். வயது இருபத்துமூன்று.

இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கத்தான் அந்த வெள்ளைக்காரப் பெண் வந்தாள். என்னைவிடச் சின்னவள். தரையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். தட்டை அவளே கழுவுவாள். கழுவாமல் இருந்திருந்தால் எனக்குச் சந்தேகம் குறைந்திருக்கும்.

"சம்பளம் இல்லாம எவ வருவா? வேற இன்னாமோ வேலை கீது," என்றான் அண்ணன்.

"சோறு நல்லாத் துண்றா."

"சோத்துக்கா ஏரோப்ளேன் ஏறி வந்தா?"

போகும் இடமெல்லாம் அவள் ஒரு நோட்டில் எழுதினாள். கழுத்தில் கேமரா. கிணறு எத்தனை, புளியமரம் எத்தனை, யார் நிலம் எது என்று பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டே வரப்பில் நடந்தாள். மூன்றாம் நாள் பெரிய வெள்ளைத்தாளில் எங்கள் ஊரையே வரைந்துவிட்டார்கள். ஏரிக்கு நீலத்தாள் ஒட்டினார்கள். அவரவர் நிலத்துக்குக் கட்டம் போட்டு, பெயரை இங்கிலீஷில் எழுதினார்கள். ஒவ்வொருவராக எழுந்து அதில் கையை வைத்து, "திஸ் இஸ் மை ஃபீல்டு" என்று சொல்ல வேண்டும். இது என் நிலம் என்று அர்த்தம்.

சோறு வடித்துவிட்டு வாசலில் நின்று பார்த்தேன். "அக்கா, வா," என்று கூப்பிட்டாள். அந்த இரண்டு சொல் கற்றிருந்தாள். எனக்கும் ஆசை வந்தது. ஏரியோரம் விரலை வைத்துச் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் என் பெயரை எழுதினாள். கேமராவில் ஒரு படம் எடுத்தாள். என் பெயரை இங்கிலீஷில் அன்றுதான் பார்த்தேன்.

வீட்டில் சொன்னேன். அண்ணன் சோறு பிசைவதை நிறுத்தினான்.

"எந்த எடத்துல கைய வெச்ச?"

"நம்ம கொல்லையிலதான்."

"ஏம்மே, புத்தி கீதா ஒனக்கு?"

கொல்லை என்று நாங்கள் சொல்லும் அந்த நிலம் ஏரிப் புறம்போக்கு. அரசாங்க நிலம். அப்பா முள்ளை வெட்டித் திருத்தி வேர்க்கடலை போட்டார். பட்டா கிடையாது. எங்களுக்கு இருந்த நிலம் அது ஒன்றுதான். ஏரியை அடைத்துப் பயிர் வைத்தவர்களைக் காலி செய்யச் சொல்லி அக்கம்பக்க ஊர்களுக்கு நோட்டீஸ் வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊருக்கு வரவில்லை. அதைப்பற்றி வெளியாள் முன்னால் வாய் திறப்பதில்லை என்று தெருவில் பேசி வைத்திருந்தார்கள்.

"கடைசி நாளு யாரு வர்றாரு தெரியுமா? தாசில்தாரு. அந்தத் தாள மாட்டி வெப்பானுங்க. ஒம்பேரு அதுல கீது. நாமளே எழுதிக் குட்த்த மாரி ஆச்சு."

"அது படிப்புக்குத்தான்."

"படிப்புக்கு எதுக்குமே நெலத்த அளக்கணும்?"



மறுநாளிலிருந்து நானும் கவனிக்க ஆரம்பித்தேன். நோட்டை மூடினால் ஏன் மூடுகிறாள் என்று நினைத்தேன். சாரிடம் இங்கிலீஷில் பேசினால் எங்கள் கொல்லையைப் பற்றித்தான் என்று நினைத்தேன். குழம்பில் காரத்தைக் கூட்டினேன். கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டுவிட்டு "நல்லா" என்றாள். அதுவும் நடிப்பாகத் தெரிந்தது.

அந்தத் தாள் அரிசி மூட்டை இருந்த அறையில் சுருட்டி வைத்திருந்தது. சாவி என்னிடம். ஒன்பதாம் நாள் எல்லோரும் ஏரிக்கரைக்கு மரம் நடப் போனார்கள். தாளை விரித்தேன். கிழிக்கத்தான் போனேன். கிழித்தால் சாவி வைத்திருப்பவளைத்தான் கேட்பார்கள். வெட்டி மீந்த நீலத்தாள் மூலையில் கிடந்தது. நாலு சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி, என் பெயர்மேல் ஒட்டினேன். ஏரி கொஞ்சம் பெரிதாயிற்று. கொல்லை மூழ்கிவிட்டது.

கடைசி நாள் தாசில்தார் வந்தார். தாளைக் கரும்பலகைமேல் மாட்டினார்கள். அவள் முதலில் என்னைத்தான் கூப்பிட்டாள். கையைப் பிடித்து அழைத்துப்போனாள். ஏரியோரம் தேடினாள். பெயர் இல்லை. நீலத்தாளைத் தடவிப் பார்த்தாள். பருக்கை காய்ந்து மேடாக இருந்தது. என்னைப் பார்த்தாள்.

"வேர் இஸ் யுவர் ஃபீல்டு, அக்கா?"

நிலம் எங்கே என்கிறாள்.

"நோ ஃபீல்டு," என்றேன்.

பின்னாலிருந்து எங்கள் தெருப் பெண் ஒருத்தி, "இன்னாக்கா, கொல்லையில மீனு வளக்கிறியா?" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

தாசில்தார் வடையிலிருந்து தலையைத் தூக்கினார். "என்னவாம்?"

"சமையல்காரம்மாவுக்கு நிலம் இல்லையாம் சார்," என்றார் முகாம் சார்.

"அப்படியா. ஒரு மனு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, பாக்கலாம்." திரும்ப வடைக்குப் போனார்.

அண்ணனிடம் சொன்னேன்.

"மனுவா? குட்த்தா வெசாரிக்க வருவான். வந்தா கொல்லையப் பாப்பான். ஒரு மனுவும் வேணாம்." பிறகு கேட்டான். "கேமராவுல புட்ச்சாளே, அது?"

அதை நான் மறந்திருந்தேன்.

ஊருக்குப் போகும்போது அந்தப் பெண் என்னிடம் வந்து கை கூப்பினாள். யாரோ என்னை மிரட்டி நிலத்தைப் பிடுங்கிவிட்டதாக நினைத்தாளோ, முதலில் நான் பொய் சொன்னதாக நினைத்தாளோ, தெரியாது. நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பையைத்தான் பார்த்தேன். படச்சுருள் அதற்குள் இருந்தது.

மூன்று மாதம், எந்த ஜீப் சத்தம் கேட்டாலும் அந்தப் படம்தான் ஞாபகம். பொங்கல் கழித்து அது தபாலில் வந்தது. நான் விரலை வைத்து, வாய் திறந்தபடி நிற்கிறேன். பக்கத்தில் என் பெயர் எறும்பு போலத் தெரிந்தது. பின்புறம் இங்கிலீஷில் நாலு வரி.

"இன்னா எய்திகீறா?" என்றான் அண்ணன்.

"தெரியல. சார்கிட்ட குட்த்துக் கேக்கட்டா?"

"யாருக்கும் காட்டாத." வாங்கி அடுப்பில் போட்டான். "அவகிட்ட இன்னொண்ணு இருக்கும்," என்றான்.

சில வருஷம் கழித்துக் கொல்லை கையைவிட்டுப் போயிற்று. வேறு ஆட்கள், வேறு காகிதம். இப்போது அங்கே கம்பெனி லாரிகள் நிற்கின்றன. ஒரகடம் ஷிஃப்ட் பஸ் அந்த வழியாகத்தான் போகிறது.

அந்த வயதில் எடுத்த படம் எனக்கு வேறு கிடையாது. அவளிடம் இன்னொன்று இருக்கும் என்று அண்ணன் சொன்னதை இப்போதும் நினைத்துக்கொள்வேன். அன்றைக்கு அது பயமாக இருந்தது.