நான் மாற்றி வாசித்த பேய்கள்

பேய்க்கதை என்றால் எனக்கு ஆகவே ஆகாது. என் அக்காவுக்கோ அதுதான் உயிர். அப்படியிருந்தும் வாசித்துக் கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அவள் கேரளத்துப் பாறசாலையில் மலையாளம் படித்தவள். என்னை மட்டும் எல்லை தாண்டி, களியக்காவிளைப் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். வீட்டில் பேசுவது ஒரே தமிழ், வாசிக்க உட்கார்ந்தால் ஆளுக்கொரு எழுத்து. எங்கள் பக்கத்தில் இதில் ஒரு அதிசயமும் இல்லை.

நெய்யாற்றின்கரையில் அவளுக்கு டயாலிசிஸ். வாரத்தில் மூன்று நாள், மதியம், நாலு மணி நேரம். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கழுத்து வலிக்கப் போனைத் தேய்ப்பேன். ஒருநாள் அவள் சொன்னாள்:

“மக்கா, களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுல பேய்க்கதை புக்கு உண்டு. சின்னச் சின்னக் கதையா வாங்கிட்டு வா.”

“மலையாளத்துல பேய்க்கா பஞ்சம்?”

“அதெல்லாம் வாசிச்சு முடிச்சாச்சு. அந்தப் பேயெல்லாம் இப்ப நமக்குச் சொந்தக்காரங்களாக்கும்.”

சிரித்துவிட்டேன். அந்த அறையில் யாரும் சிரிக்கிற வழக்கம் கிடையாது.

அவளுக்கு ஏன் அந்த ஆசை என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. வீட்டில் அவள் “நான் செத்தா” என்று ஆரம்பித்தால் போதும், அத்தான் எழுந்து வெளியே போய்விடுவார். சபையிலிருந்து வருகிறவர்கள் கண்ணை மூடிப் பூரண சுகத்துக்கு ஜெபம் பண்ணுவார்கள். நான் டிவி சத்தத்தைக் கூட்டுவேன். சாகப் போகிறவள், தன் சாவைப் பற்றி ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் கிடந்தாள்.

முதல் கதையில், மழையில் நனைந்துகொண்டு ஒரு பெண் புருஷன் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். நான் கண்ணை ஓட்டிக் கடைசிப் பத்தியை முன்னாலேயே பார்த்துவிட்டேன். அவளை நேற்றே அடக்கம் பண்ணியாகிவிட்டது. பக்கத்தில் மெஷின் கறகறவென்று ஓடிக்கொண்டிருந்தது.

“பிறவு அவ தலைய துவட்டிட்டு, ஒரு கட்டன்சாயா குடிச்சிட்டு உறங்கினா” என்று சொல்லிப் புத்தகத்தை மூடினேன்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“இது என்ன பேய் எடீ, சாயா குடிக்குது!”

அதற்குப் பிறகு என் வாயில் விழுந்த ஒரு பேயும் பேயாக முடியவில்லை. கிணற்றில் விழுந்தவளைக் கயிறு போட்டுத் தூக்கினேன். பஸ் சக்கரம் ஏறிச் செத்தவனைக் காட்டாக்கடையில் மாமா வீட்டுக்கு விருந்துக்கு அனுப்பினேன். என் சமர்த்தை நினைத்து எனக்கே பெருமை. அக்கா ஒவ்வொரு தடவையும் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்ப்பாள், பிறகு கண்ணை மூடிக்கொள்வாள். களைப்பு என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மண்டி, அடிமுட்டாள், நான்!

ஒருநாள் மருந்துச் சீட்டு வாங்கப் போய்த் திரும்பினேன். புத்தகம் அவள் வயிற்றின் மேல் விரிந்திருந்தது. ஊசி குத்தாத கையின் விரல் வரிக்குக் கீழே மெதுவாக ஊர்ந்தது. உதடு அசைந்தது.

குனிந்து அந்த வரியைப் பார்த்தேன். “ஒனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா?”

“பாட்டுப்புத்தகத்துல படிச்சதாக்கும்” என்றாள்.

எங்கள் சபையில் பாட்டு எல்லாம் தமிழில்தான். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மனப்பாடம். புத்தகத்தைச் சும்மா மரியாதைக்குப் பிடித்திருக்கிறாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவளோ ஞாயிற்றுக்கிழமைதோறும், தெரிந்த பாட்டின் சொல்லை எழுத்தோடு ஒட்டி ஒட்டிப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் தமிழ் படித்திருக்கிறாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெட்கம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். “பிறவு எதுக்கு என்னப் பாடுபடுத்தினே?”

“நீ ஒரு கதையாவது முழுசா வாசிப்பேன்னு பாத்தேன். செத்தவள செத்தவள்னு நீ வாயால சொல்லிட்டா, பிறவு நான் எனக்க காரியத்தப் பேசலாமே.”

அவள் கடைசிப் பத்தியைத் தானே வாசித்தாள். ஒவ்வொரு எழுத்தாக, பாட்டுக்கு நிறுத்துகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி. முடித்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

“இனி கேளு மக்கா. எனக்க அடக்கத்துல பாடதுக்கு ஒரு பாட்டு உண்டு. எல்லாருக்கும் பாடுகத பாடாண்டாம். எனக்கு வேண்டியது...”

“சும்மா கெட சவமே! நான் சாயா குடிச்சிட்டு வாறேன்” என்று கையை உருவிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

சவமே என்பது எங்கள் ஊரில் பாசத்துக்கும் திட்டுவதற்கும் பொதுவான வார்த்தை. அவள் சுகமில்லாமல் ஆன நாள் முதல் அதை நான் வாயில் எடுத்ததில்லை. அன்றைக்குப் பார்த்து வந்து தொலைத்தது.

சாயாக்கடையில் முக்கால் மணி நேரம் நின்றேன். திரும்பி வந்தபோது அவள் உறங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த தடவை நான் புத்தகம் கொண்டுபோகவில்லை. அவளும் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து, கர்க்கடக மாதத்து மழையில், அவள் போய்விட்டாள்.

அடக்கத்தன்று காலையில் பாட்டுக்குழுவில் ஒரு அண்ணன் வந்து கேட்டார்: “அவளுக்குப் பிடிச்ச பாட்டு எது? நீதானே எப்பவும் கூட இருந்தே?”

ஓடிப்போய் அவளுடைய பாட்டுப்புத்தகத்தை எடுத்தேன். ஒரு அடையாளம் வைத்திருப்பாள், ஒரு கோடாவது போட்டிருப்பாள் என்று பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விரல் பட்டு அழுக்காகியிருந்தது. எதைப் படித்து எழுத்து கற்றாளோ, எதை வேண்டுமென்று நினைத்தாளோ, ஒன்றும் தெரியவில்லை. “எனக்குத் தெரியாது அண்ணா” என்றேன். எல்லாருக்கும் பாடுகிற பாட்டையே அவளுக்கும் பாடினார்கள். மழையில் அதுவும் சரியாகக் கேட்கவில்லை.

இப்போதும் களியக்காவிளையில் அந்தப் புத்தகங்கள் வாங்குகிறேன். மதிய நேரம், வீட்டில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சத்தமாக வாசிக்கிறேன். ஒரு எழுத்துகூட மாற்றுவதில்லை. செத்தவள் செத்தவள்தான். பயமும் வருவதில்லை.

சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்காதவர்கள் திரும்பி வருவார்கள் என்று அந்தக் கதைகளில் பாதியும் சொல்கின்றன. கடைசிப் பத்தியை முடித்துவிட்டு, அந்தப் பாட்டு எதுவென்று கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அத்தான் அடுக்களையிலிருந்து சாயா வேண்டுமா என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.