பொங்கலாம், ஏறக் கூடாது

எங்கள் மாதா கோயிலில் பியர் திருவிழா நடந்தது என்று சொன்னால், இன்றைக்கும் என்னுடன் வேலை பார்க்கும் பெண்கள் நம்புவதில்லை. சத்தியமாக நடந்தது. பந்தல் போட்டு, மைக் கட்டி, ஞாயிறு பூசை முடிந்த கையோடு, சாமியாரின் ஜெபத்துடன் நடந்தது. முன்னின்று நடத்தியவர் என் அப்பா. அவர் குடியை விட்டு அப்போது ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

பயப்பட வேண்டாம், அது இஞ்சி பியர். எங்கள் ஊர் வல்லம் வடகாலைச் சுற்றிக் கம்பெனிகள் வந்த பிறகு, தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் எங்கள் கோயிலில் சேர்ந்திருந்தன. கிறிஸ்துமஸ் நெருங்கினால் அவர்கள் இஞ்சியைத் தட்டிச் சர்க்கரை போட்டு ஊற வைப்பார்கள். சிலர் ஆப்பிளை நறுக்கிப் போடுவார்கள். பார்த்துவிட்டு உள்ளூர்க்காரர்களும் ஊற வைத்தார்கள். யார் வீட்டு பியர் ஒசத்தி என்று பூசை முடிந்து வாசலில் நின்று சண்டை போடும் அளவுக்கு விஷயம் முற்றியதும், சாமியார் ஒரு போட்டியே வைத்துவிடலாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "பொங்கலாம். ஏறக் கூடாது." நுரை பொங்கலாம், போதை ஏறக் கூடாது என்று அர்த்தம்.

அப்பா கம்பெனியில் லைன் சூப்பர்வைசர், ஆட்களை வேலை வாங்கத் தெரிந்தவர் என்று சொல்லி, நடத்தும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார் சாமியார். அன்று மாலையே பெரியம்மா எங்கள் வீட்டில் வந்து நின்றார். "இன்னா, சாமியாருக்கு வேற ஆளே கெடைக்கலியா? இவரு கைல பாட்டிலக் குட்த்துட்டு அப்பால நீதான் குந்திகினு அழுவணும்." அம்மா அரிசி களைவதை நிறுத்தாமல், "அவரே செய்றேன்னாரு. செய்யட்டும்க்கா" என்றாள்.

எனக்குப் பெரியம்மாவின் மேல் எரிச்சலாக வந்தது. அப்பாதான் விட்டாயிற்றே! சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டால் அது ஒருமுறையோடு முடிந்த காரியம். குடியை விடுவதும் அப்படித்தான் என்பது என் எண்ணம். என் அப்பாதான் பியர் திருவிழாவுக்கு இன்சார்ஜ் என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். டீச்சர் என்னைத் தனியாக அழைத்து, வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஏன் அத்தனை அன்பாக விசாரித்தார் என்று விளங்கவில்லை.

அப்பா அந்தத் திருவிழாவை ஒரு புது லைன் மாதிரியே நடத்தினார். முதல் நாளே எல்லா வீட்டு பாட்டில்களும் கோயில் வராந்தாவுக்கு வந்துவிட வேண்டும் என்றார். வாடகை ரூமில் தங்கி அவருடைய ஷிஃப்டில் வேலை பார்த்த மூன்று தம்பிகளைக் கூட்டிவந்தார். தேறியதற்குப் பச்சை ஸ்டிக்கர், தேறாததற்குச் சிவப்பு ஸ்டிக்கர் என்று வாங்கி வைத்தார். அவர்கள் கம்பெனியில் செய்வது கார் ஏசிக்கான குழாய். அங்கே கடைசி வேலை, குழாயைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பது. ஒரு குமிழி வந்தாலும் அது ரிஜெக்ட். அப்பாவுக்கு வேறு எப்படித் தோன்றும்? பெரிய டப்பில் தண்ணீர் நிரப்பி ஒவ்வொரு பாட்டிலையும் அமுக்கச் சொன்னார். குமிழி வந்தவற்றை எடுத்து மூடியை இறுக்கச் சொன்னார். தம்பிகள் ஓவர்டைம் பார்ப்பதுபோல மும்முரமாக இறுக்கினார்கள்.

அடுத்த வீட்டுத் தூத்துக்குடி அத்தை பதறிப்போய் ஓடிவந்தார். "ஏ அண்ணாச்சி, மூடிய இப்பிடி இறுக்காதிய! அது மூச்சு விடணும்லா?"

"அதாம்மா லீக்கு. கஸ்டமர் கைக்குப் போறப்போ லீக் இருக்கக் கூடாது" என்றார் அப்பா. அத்தை தலையில் கைவைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பந்தலில் சுள்ளென்று வெயில். ஓரத்து மேஜையில் வரிசையாக நின்ற பாட்டில்கள் எல்லாம் விருந்துச் சாப்பாடு சாப்பிட்டவர்கள்போல வயிறு உப்பி நின்றன. சாமியார் அவற்றின் முன் நின்று கண்களை மூடிக் கைகளை விரித்து, "ஆண்டவரே, இந்தப் பானங்களை..." என்றார். டமார்! முதல் பாட்டில் வெடித்தது. அது பக்கத்துப் பாட்டிலைச் சாய்க்க, மூடிகள் பந்தல் துணிவரை பறந்தன. இஞ்சி நுரை சாமியாரின் வெள்ளை அங்கியில் இடுப்புவரை வழிந்தது. மைக்செட்காரர் மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டார். சாமியார் கண்ணைத் திறந்து அங்கியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு மைக்கில் நிதானமாக, "பொங்கலாம்னு நான்தான் சொன்னேன்" என்றார்.

அப்படி ஒரு சிரிப்பை அந்தக் கோயில் வளாகம் அதற்கு முன் கேட்டதில்லை. உள்ளூர், வெளியூர் என்று பிரிந்து உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் மிச்ச பாட்டில்களைக் காப்பாற்ற ஒன்றாக ஓடினார்கள். தூத்துக்குடி அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படைத்தளபதியானார். "மெல்ல, மெல்ல! ஒரு திருகு மட்டும்!" அப்பா நுரையில் குளித்தபடி அவர் சொன்னதை எல்லாம் செய்தார். என் அப்பா அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

பிறகு போட்டி தொடங்கியது. தீர்ப்புச் சொல்வது அப்பா. ஆனால் ஒரு வாய்கூட அவர் குடிக்கவில்லை. ஒவ்வொரு கிளாஸையும் அம்மாதான் ருசி பார்த்தாள். அவள் தலையாட்டினால் பச்சை ஸ்டிக்கர். பெரியம்மா கைகட்டிக்கொண்டு அப்பாவை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார்.

அம்மா ஒரு மேஜையில் நின்றுவிட்டதால் அப்பா தனியாக அடுத்ததற்குப் போனார். அங்கே ரூம் தம்பி ஒருவன் தன் ஆப்பிள் பியரைத் திறந்து, கிளாஸ் நிறைய ஊற்றி அப்பாவின் கையில் கொடுத்துவிட்டான். "அண்ணே, ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. சும்மா அள்ளுது!"

அப்பா கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே நின்றார். கிளாஸ் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை.

"அம்மா, வா, நீதான டேஸ்ட் பாக்கணும்" என்று நான் இழுத்தேன். பெரியம்மாவும் ஒரு அடி எடுத்து வைத்தார். அம்மா ஒரு கையால் பெரியம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நகரவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா கிளாஸைத் தென்னை மரத்தடியில் கவிழ்த்தார். பாட்டிலில் மிச்சமிருந்ததையும் கவிழ்த்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கரை எடுத்துக் காலி பாட்டிலில் அழுத்தி ஒட்டினார். "இது ஏறிடுச்சு. ரிஜெக்ட்."

தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது. "குடிக்காமலே எப்பிடிண்ணே தெரியும்?"

"எனக்குத் தெரியாம வேற யாருக்குடா தெரியும்?" என்றார் அப்பா. மொத்தப் பந்தலும் சிரித்தது. அப்பாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பெரியம்மாவே சிரித்தார்.

அம்மாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்; ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. ஏன் அழுகிறாய் என்று கேட்டேன். கையிலிருந்த இஞ்சி பியரைக் காட்டி, "அழுவலடி. இஞ்சி காரம்" என்றாள்.

அந்தக் கிளாஸை வாங்கி மீதியை ஒரே மூச்சில் குடித்துப் பார்த்தேன். காரமே இல்லை, வெறும் சர்க்கரைத் தண்ணீர். இதையே தாங்க முடியாத அம்மாவைப் போய் ருசி பார்க்க விட்டிருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டு, பரிசு கொடுக்கிற இடத்துக்கு ஓடிவிட்டேன்.