பாதாம் பருப்பு யார் வாயில்?

ஸ்வென்போர்க் ஊரில் இருபது வருஷமாகப் பஸ் ஓட்டுகிறவள் விபெகே. குடித்துவிட்டு ஏறுகிறவர்களை ஒரே அதட்டலில் உட்கார வைத்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவளால், தன் வீட்டில் தங்கிப் படிக்க வந்த வியட்நாம் பெண் லியெனிடமிருந்து "நன்றி", "போதும்" தவிர ஒரு வார்த்தை பிடுங்க முடியவில்லை. அவளை அனுப்பிய மாணவர் சங்கத்தார் ஜனவரியில் வந்து, இதே வீடு போதுமா, வேறு வேண்டுமா என்று கேட்பார்கள். வேறு வீடு கேட்டுவிடுவாளோ என்று விபெகேவுக்குப் பயம். அந்தப் பெண்ணை அவளுக்கு அவ்வளவு பிடித்துப் போயிருந்தது.

அதனால்தான் கிறிஸ்துமஸ் விருந்தன்று ஒரு திருட்டு வேலை செய்தாள். விருந்தின் கடைசியில், க்ரீம் கலந்து குளிரவைத்த பால்சோறு வரும். அதற்குள் ஒரே ஒரு முழுப் பாதாம். கிடைத்தவர் வாயில் ஒளித்துவைத்து, மற்றவர்களை மூச்சுமுட்டத் தின்னவிட்டு, கடைசியில் எடுத்துக் காட்டிப் பரிசை வாங்க வேண்டும். அந்தப் பாதாமை விபெகே நேரே லியெனின் கிண்ணத்தில் புதைத்தாள். விளையாட்டைக் கணவன் மோகென்ஸ் சொல்லிக் கொடுத்திருப்பான் என்று இவள் இருந்தாள். இவள் சொல்லியிருப்பாள் என்று அவன் இருந்தான்.

மூன்றாவது கிண்ணம் முடிந்தும் பாதாம் வரவில்லை.

"மோகென்ஸ், வாயத் திற," என்றாள் மாமியார் ஓடா.

"என்கிட்ட இல்லம்மா!"

"போன வருஷமும் இதத்தான் சொன்ன. நாக்கத் தூக்குடா."

தூக்கினான். ஒன்றுமில்லை.

"அப்ப பாத்திரம் காலியாகட்டும். ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது."

ஏற்கெனவே வாத்துக்கறியும் உருளைக்கிழங்கும் கழுத்துவரை நின்றன. மோகென்ஸ் பெல்ட்டைத் தளர்த்தினான். விபெகே லியெனிடம் கண்ஜாடை காட்டிப் பார்த்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வாய்விட்டுக் கேட்டால் தன் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று விபெகே நாலாவது கிண்ணத்தையும் விழுங்கித் தொலைத்தாள்.

பாத்திரம் துடைத்தாயிற்று.

"பருப்பே போடலியாடி நீ?" என்று மருமகள்மேல் பாய்ந்தாள் ஓடா.

"போட்டேன் அத்தை! என் கையாலயே அவ கிண்ணத்துல..." விபெகே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எல்லாரும் லியென் பக்கம் திரும்பினார்கள். அவள் முகம் செக்கச் சிவந்துபோயிற்று.

"அது பருப்பா? கல்லுன்னு நெனச்சேன். எடுத்துக் காட்டினா உங்களுக்கு அவமானமாயிடுமேன்னு முழுங்கிட்டேன்."

விபெகேவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அடிப் பொண்ணே! எங்க மானத்தக் காப்பாத்தக் கல்ல முழுங்குவியா?"

ஓடா மட்டும் அசையவில்லை. பரிசாக வைத்திருந்த, பன்றி வடிவத்தில் செய்த மிட்டாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அதெல்லாம் சரி. பருப்பக் காட்டினாத்தான் பரிசு. சட்டம்னா சட்டம்."

லியென் பன்றியைப் பார்த்தாள். ஓடாவைப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலைல காட்டட்டுமா?"

மோகென்ஸுக்குப் புரையேறியது. ஓடா தோள் குலுங்கச் சிரித்து, "வேணாம்டி தாயே, வேணவே வேணாம், எடுத்துக்கோ!" என்று பன்றியைத் தள்ளிவிட்டாள். விபெகே சிரித்துச் சிரித்து மேசைமேல் கவிழ்ந்தாள். வேறு வீடு தேடுகிறவள் இந்த வீட்டு மாமியாரிடம் இப்படி வாயாட மாட்டாள்.