முனிராஜ் வண்டியில் கேட்ட கொய்ங் சத்தம்

ஓசூரில் கார் ஆடியோ மாட்டும் வேலையில் இருபத்தெட்டு வருடம் இருந்தேன். இப்போது தொழிலுக்கு வருகிறவர்கள் ஆம்ப், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் போனிலேயே பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் எழுதுவது ஒரே ஒரு சத்தத்தைப் பற்றி. அந்தச் சத்தத்தை நான் சுத்தமாக நிறுத்தினேன். அதனால் ஒரு மனிதன் செத்துப்போனான்.

1. சாமிகள் வரிசை

சபரிமலை சீசன் என்றால் எங்கள் கடையில் நிற்க இடம் இருக்காது. மலைக்குப் போகிற வண்டிக்கெல்லாம் புது ஸ்பீக்கர் வேண்டும். அன்றும் வாசலில் ஆறு வண்டி நின்றது. கறுப்பு வேட்டிச் சாமிகள் ஆளுக்கொரு பக்கம் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த நெரிசலில்தான் முனிராஜ் வந்தார். சூளகிரி பக்கத்து ஊர்களிலிருந்து கம்பெனிப் பெண்களை ஏற்றி, காலை ஷிப்டுக்கு ஓசூரில் கொண்டுவந்து விடுகிற பழைய டீசல் வேன் அவருடையது. கையில் தீப்பெட்டி அளவு பாட்டு பிளேயர் வைத்திருந்தார்.

"அண்ணா, பாட்டு போட்டா கூடவே கொய்ங்னு கத்துது. ஆக்ஸிலேட்டர் மிதிச்சா இன்னும் ஏறுது. பொண்ணுங்க காதப் பொத்திக்கினு வராங்க. பார்த்து செஞ்சு குடுங்கணா."

பிளேயரை எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அதைப் பிடுங்கிவிட்டு நேரடியாக ஆக்ஸ் கேபிள் போட்டேன். பிளேயரில் வால்யூமை முக்கால் வைத்து, மீதியை வண்டியின் ஸ்டீரியோ டெக்கில் ஏற்றச் சொன்னேன். பாட்டு தெளிந்தது. கொய்ங் மட்டும் போகவில்லை. சார்ஜரைக் கழற்றினேன், பாதி குறைந்தது. பிளேயரையே கழற்றினேன். அப்போதும் ஸ்பீக்கரில் மெல்லிசாகக் கேட்டது.

அந்த இடத்தில்தான் தப்பு செய்தேன். பிளேயரே இல்லாதபோதும் என்ஜினோடு சேர்ந்து கத்தினால், கோளாறு பாட்டில் இல்லை, ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரில். பேட்டரி ஒழுங்காகச் சார்ஜ் ஆகவில்லை என்று அர்த்தம். எனக்கு அது நன்றாகத் தெரியும். மீட்டர் வைத்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். வெளியே ஒரு சாமி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

ஆக்ஸ் லைனில் ஒரு ஐசோலேட்டரும், டெக்கின் பவர் ஒயரில் இரைச்சலை வடிகட்டுகிற ஒரு நாய்ஸ் ஃபில்டரும் போட்டேன். சத்தம் அடங்கியது. முனிராஜ் கண்ணை மூடி ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார்.

"தேட்டர் மாதிரி இருக்குதுணா!"

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

2. நான்காம் நாள்

மார்கழிப் பனி. ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். சார்ஜ் ஆகவில்லை என்றால் எச்சரிக்கிற பேட்டரி விளக்கு வேனின் டேஷ்போர்டில் எப்போதோ பியூஸ் போயிருந்தது. ஹைவேயில் வரும்போது பேட்டரி தீர்ந்து ஹெட்லைட் மங்கியிருக்கிறது. முனிராஜ் ஓரம் கட்டி நிறுத்தினார். மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. இண்டிகேட்டரும் எரியவில்லை.

பெண்களை முதலில் இறக்கி, ரோட்டை விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு புளிய மரத்தில் கிளை ஒடித்து, பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேனுக்குப் பின்னே போடப் போனார். கிளையும் கையுமாக இருக்கும்போதே லாரி அடித்தது.

பெண்கள் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. வேனைப் பிரித்த எலெக்ட்ரீஷியன் எனக்குத் தெரிந்தவர்தான். "ஆல்டர்னேட்டர்ல டயோடு போயிருக்குதுபா. ரொம்ப நாளாவே கத்தியிருக்கணுமே, யாருமே கவனிக்கலையா?" என்றார்.

3. நாகவேணி

காரியம் முடிந்து முனிராஜின் மனைவி நாகவேணி கடைக்கு வந்தார். வேனிலிருந்து எடுத்த பிளேயரை மேஜைமேல் வைத்தார்.

"இது ஆன் ஆக மாட்டேங்குதுணா. அவரு கேட்ட பாட்டெல்லாம் இதுலதான் இருக்குது. நீங்கதான் சவுண்டு நல்லா பண்ணிக் குடுத்தீங்கன்னு நாலு நாளும் அதே பேச்சுதான்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அழுவார், திட்டுவார் என்று நினைத்தேன். ஒன்றுதான் கேட்டார்.

"அது என்னா சத்தம்னு அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமில்லணா?"

"தெரியும்மா."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே வண்டிய நிறுத்தியிருப்பாரே."

பிளேயரை மேஜையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரிப்பேருக்குக்கூட என்னிடம் கொடுக்கவில்லை. அதுதான் சரி.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பாட்டில் கொய்ங் கேட்டால் முதலில் பிளேயரைக் கழற்றுங்கள். என்ஜினை ஓடவிட்டுக் கேளுங்கள். பேட்டரியில் மீட்டர் வையுங்கள். பதிமூன்றரை வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் ஃபில்டரைத் தொடாதீர்கள், வண்டியை எலெக்ட்ரீஷியனிடம் அனுப்புங்கள். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனால் போகட்டும். வெளியே ஆறு வண்டி காத்திருந்தாலும் காத்திருக்கட்டும். நான் அன்று காக்கவைக்கவில்லை.