மூன்று தட்டுக்கு ரெண்டு தட்டு

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. சிரிக்கிறவர்கள் அந்த மிக்ஸர் ரூமில் ஒரு மணி நேரம் தனியாக நின்றுவிட்டு வந்து சிரிக்கட்டும்.

நாங்கள் வேர்ப் பொடி தயாரிக்கிறவர்கள். வெட்டிய குச்சியை அந்தப் பொடியில் தொட்டு நட்டால் வேர் விடும். ஆக்சின் என்கிற வளர்ச்சி ஊக்கியை ஸ்பிரிட்டில் கரைத்து, டால்க் மாவில் தெளித்து, பெரிய இரும்பு மிக்ஸரில் கலக்குவோம். ஈர மாவு மூலையில் கட்டி பிடிக்கும். அந்தக் கட்டி பாக்கெட்டுக்குள் போனால் மருந்து கூடிப்போய்க் குச்சி கருகிவிடும். அதனால் ஒரு ஆள் உள்ளே இறங்கிச் சுரண்டியே ஆகவேண்டும்.

அதற்காக எங்களுக்குள் ஒரு பழக்கம். சுவிட்ச் போடுவதற்கு முன்னால் வெளியே கட்டையால் மூன்று தட்டு. உள்ளே ஆள் இருந்தால் பதிலுக்கு ரெண்டு தட்டு.

என் அக்கா புருஷன் அந்த மிக்ஸருக்குள்தான் செத்தார். சுவிட்சைப் போட்டது மேனேஜர்.

"மூணு தடவை தட்டினேன் சார். பதிலே வரல. குடிச்சிட்டு மட்டையாகிக் கிடந்திருக்கான். உடம்பெல்லாம் ஸ்பிரிட் நாத்தம்."

போலீசிடம் அவர் சொன்னது இது. நாள் முழுக்க ஸ்பிரிட்டில் புழங்குகிறவர் மேல் பின்னே பன்னீரா மணக்கும்? அத்தான் ஒரு சொட்டு குடிக்காதவர். செத்தவர் வந்து மறுக்கவா போகிறார் என்ற தைரியம். அக்கா பிள்ளைகளைத் தெருவே குடிகாரன் பிள்ளைகள் என்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் போன் செய்தார். அவசர ஆர்டராம். வேலை செய்ய நான் போகவில்லை. சட்டையைப் பிடித்துக் கேட்கத்தான் போனேன்.

மதியம் 2.40. பட்டப்பகல். கம்பெனியில் வேறு ஆளே இல்லை. மேனேஜரைத் தேடி மிக்ஸர் ரூமுக்குள் போனேன். மிக்ஸரைக் கழுவிக் காயவைத்திருந்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்தேன். காலி. மூடியைச் சாத்தினேன். கோபத்திலும் கை பழக்கத்தை மறக்கவில்லை. கட்டையை எடுத்தேன்.

டொக். டொக். டொக்.

உள்ளிருந்து...

டொக். டொக்.

மூடியைத் திறந்தேன். யாரும் இல்லை. ஸ்பிரிட் வாசனை மட்டும் முகத்தில் அடித்தது. ஸ்பிரிட் டிரம்மை இன்னும் திறக்கவே இல்லை.

மூடியின் உள்பக்கம் வரிசையாக நாலு ஈரப் பொட்டு. ஒரு துணியால் ஒற்றி எடுத்தேன். நாலு பொட்டும் துணியில் லேசாகச் சிவந்து பதிந்தன.

மறுபடி சாத்தினேன். தட்டினேன்.

டொக். டொக்.

"என்னடா இன்னும் தட்டிக்கிட்டு நிக்கிற? சுவிட்சப் போடு!" மேனேஜர் வாசலில் நின்றார்.

"நீங்களே வந்து தட்டிப் பாருங்க சார்."

அவர் கட்டையைத் தொடக்கூட இல்லை.

டொக். டொக்.

அவர் முகம் வெளுத்தது.

டொக் டொக். டொக் டொக். டொக் டொக் டொக்...

"நிறுத்துடா!"

"நான் தட்டல சார்."

டொக் டொக் டொக் டொக்...

"அன்னைக்கும் இப்படித்தான்டா... மிக்ஸர் ஓடும்போது சத்தம்... கட்டி உருளுதுன்னு நெனச்சேன்..."

சத்தம் நின்றது.

அவர் சட்டை என் கையில் இருந்தது. எப்போது பிடித்தேன் என்றே தெரியாது. உதறிக்கொண்டு ஓடிவிட்டார்.

மறுநாள் கேட்டால், "நான் எப்படா அப்படிச் சொன்னேன்?" என்றார் அந்த யோக்கியர். எனக்குச் சாட்சி யார்? அந்த இரும்பு மிக்ஸரா?

ஒரு வாரம் கழித்து அக்கா அத்தானின் துணிமணிகளை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். நானும் கூடப் போனேன். பிணவறையில் வேலை செய்கிறவர் எங்கள் ரெண்டு பேரையும் தனியாக அழைத்தார்.

"குடிச்சிருந்தாருன்னா சொல்றாங்க? அவரு வலது கையை நான் பார்த்தேம்மா. நாலு விரல் முட்டியிலயும் தோலே இல்ல. கடைசி வரைக்கும் தட்டியிருக்காரும்மா."

அக்கா அங்கே அழவில்லை. வீட்டுக்கு வந்து பிள்ளைகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"உங்க அப்பா பதில் சொன்னாருடா. அந்தப் பாவிதான் கேட்கல."

மிக்ஸர் மூடியை ஒற்றிய அந்தத் துணி என் வீட்டு மொட்டை மாடிக் கொடியில் தொங்குகிறது. ஸ்பிரிட் என்றால் நொடியில் காய்ந்திருக்கும். எத்தனையோ வெயில் பார்த்துவிட்டது.

அந்த நாலு பொட்டு மட்டும் இன்னும் ஈரமாகவே இருக்கிறது.